சோத்தாங்கைப் பக்கம்

"தலைவலியும் என்னமோவும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று எங்க பெரியப்பா அடிக்கடி சொல்வார். அந்த என்னமோ என்னன்னு இப்ப ஞாபகம் இல்லை. காய்ச்சலா, பல்வலியா, வேற ஏதாவதா. பெரியப்பா போய் இருபது வருஷம் ஆச்சு, கேட்கவும் ஆள் இல்லை. அந்த இடத்துல நான் டான்சிலைப் போட்டுக்கிட்டேன். பொருத்தமாத்தான் இருக்கு.

நீங்க பேச வேண்டாம் தம்பி. கழுத்துல துண்டைச் சுத்தியிருக்கிறதைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். தலையை ஆட்டுங்க, போதும். டான்சில்தானே? நாளைக்கு ஆபரேஷனா? சரி. வயசு ஒரு முப்பத்திரண்டு இருக்குமா? சின்னப் பிள்ளைக்கு எடுத்தா ரெண்டாம் நாள் ஐஸ் கேட்டு அழும், அவ்வளவுதான். வளர்ந்தவனுக்கு எடுத்தா வளர்ந்த வலி. பயமுறுத்தலை. உள்ளதைச் சொல்றேன். உங்க டோக்கன் என்ன? நாற்பத்தி ஒண்ணா? இப்பத்தான் பதினாலு உள்ள போயிருக்கு. நிறைய நேரம் இருக்கு.

எனக்கு டோக்கன் கிடையாது. என்னை வரச்சொல்லியே கூப்பிட்டிருக்காங்க. பெரிய டாக்டர், இந்தத் துறைக்கே தலைவர், அவர் முன்னாடி நான் ஒரு வாக்குமூலம் கொடுக்கணும். ஆமா, நான். இருபத்தேழு வருஷமா அடுத்தவன் வாக்குமூலம் கொடுக்கறதை நின்னு பார்த்தவன்.

பேரு தவசிலிங்கம். முன்சீப் கோர்ட்டுல டவாலி. கோர்ட்டு வாசல்ல நின்னு பேரைக் கூப்பிடுற ஆள் இருப்பார்ல, அது நான்தான். அங்க பாருங்க, அந்த அம்மா டோக்கன் கூப்பிடுறாங்க. என்ன கூப்பிட்டாங்க, பதினஞ்சா, பதினெட்டா? பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவுல நம்பர் செத்துப் போச்சு. நான் கூப்பிட்டா பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறவன் கிளாஸை வச்சுட்டு வருவான். ஒருதடவை ஒரு வாய்தாவுக்கு செல்வராஜுன்னு மூணு தரம் கூப்பிட்டேன். நாலு செல்வராஜ் வந்து நின்னாங்க. அதுல ரெண்டு பேர் மேல கேஸே இல்லை. கூப்பிட்ட குரலைக் கேட்டு, நம்ம மேலதான் ஏதோ இருக்கும்போலன்னு வந்துட்டாங்க.

அந்தக் குரலுக்குத்தான் போன வருஷம் கேடு வந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் தொண்டை வீங்கும், காய்ச்சல் அடிக்கும், பேரு வெளிய வராது. அம்பத்தாறு வயசுல டான்சில் எடுக்கிறதான்னு எல்லாரும் சிரிச்சாங்க. இங்க வந்து காட்டினதுல டாக்டர் நிலோஃபர்ங்கிற பொண்ணு பார்த்தாங்க. மேல்படிப்பு படிக்கிற டாக்டர். நல்ல பொண்ணு. எடுத்துரலாம் ஐயா, எடுத்தா குரல் பழையபடி நிக்கும்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் படுத்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தாங்க. "ஐயா, நான் ஒரு ஆராய்ச்சி பண்றேன். விருப்பம் இருந்தா சேருங்க. இல்லைன்னாலும் வைத்தியத்துல குறை வராது"ன்னாங்க. விஷயம் இதுதான். பல் டாக்டர் ஊசி போட்டு உதட்டை மரத்துப்போக வைப்பாரில்ல, அந்த ஜாதி மருந்து. டான்சிலை எடுத்த குழியில, மயக்கம் தெளியறதுக்கு முன்னாடியே அந்த ஊசியைப் போட்டுட்டா, முழிச்சதும் வலி குறைச்சலா இருக்குமான்னு பார்க்கணும். ஒரு பக்கக் குழியில மருந்து. இன்னொரு பக்கம் வெறும் உப்புத்தண்ணி. எந்தப் பக்கம் எதுன்னு எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. உறையில போட்டு ஒட்டி வச்சிருவாங்களாம். கடைசியிலதான் பிரிப்பாங்களாம்.

"ரெண்டு பக்கமும் மருந்தே போட்டுட்டா என்னம்மா?"ன்னு கேட்டேன்.

"அப்புறம் எதோட எதை ஒப்பிடறது ஐயா?"

"அப்ப ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு, ஒரு பக்கத்துக்கு வாய்தா."

அந்தப் பொண்ணு சிரிச்சுட்டாங்க. வலி மாத்திரை எல்லாருக்கும் உண்டுன்னும் சொன்னாங்க. நான் காகிதத்தை வரிவரியா வாசிச்சு, கீழே "படித்துப் பார்த்தேன், சரி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வார்டுலேயே அப்படி வாசிச்சுக் கையெழுத்துப் போட்டவன் நான் ஒருத்தன்தானாம். சிஸ்டர் ஜெபக்கனி சொன்னாங்க. பாராட்டாத்தான் சொன்னாங்கன்னு நினைக்கிறேன்.

இப்ப கவனமாக் கேளுங்க தம்பி. கேஸே இனிமேத்தான்.

வலியை எழுதுறதுக்கு ஒரு தாள் கொடுத்தாங்க. சைபர்ல இருந்து பத்து வரைக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு மூஞ்சி வரைஞ்சிருக்கும். சைபர் மூஞ்சி சிரிக்கும், பத்து அழும். அந்தப் பத்தாவது மூஞ்சியை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். அப்பீல்ல தன் தீர்ப்பு புரண்டுபோன அன்னைக்கு எங்க ஜட்ஜய்யா வச்சிருந்த மூஞ்சி. தாள்ல ரெண்டு கட்டம். வலப்புறம், இடப்புறம்னு அச்சடிச்சிருந்தாங்க. அதுல ஒரு கோளாறு. எனக்கு முன்னாடி ஆபரேஷன் ஆன ஒருத்தர், வலப்புறம்னா வலிக்கிற புறம்னு நினைச்சு, ஏழு நாளும் அந்த ஒரு கட்டத்துலயே எழுதி வச்சிருக்கார். இன்னொரு கட்டம் வெறுமையா கிடந்திருக்கு. அதனால ஜெபக்கனி சிஸ்டர் யோசிச்சு, அச்செழுத்து மேல வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, பேனாவால "சோத்தாங்கைப் பக்கம்", "மத்த பக்கம்"னு எழுதி வச்சுட்டாங்க. அவங்க நாசரேத்துப் பக்கம். தெளிவான மனுஷி. "அண்ணாச்சி, இனி குழப்பமே கிடையாது. சாப்பிடற கை எதுவோ அந்தப் பக்கம் முதல் கட்டம்"ன்னாங்க.

சாப்பிடற கை எதுவோ அந்தப் பக்கம். இதைவிடத் தெளிவா யாரால சொல்ல முடியும்?

நான் சாப்பிடறது இடது கையில தம்பி.

சிரிக்காதீங்க, தொண்டைக்கு ஆகாது. இது வெளியில யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துல வாத்தியார் முட்டியில அடிச்சு எழுதுற கையை மாத்திட்டார். அதனால எழுதறது வலது கை. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், ஆனாலும் வலது கை. ஜட்ஜய்யாவுக்குக் கேஸ் கட்டை நீட்டறது வலது கை, வணக்கம் வைக்கிறது வலது கை. சாப்பாட்டு நேரத்துல மட்டும் வாத்தியார் கூட வரலையே. அது இடதாவே நின்னுபோச்சு. கோர்ட்டுல அது மரியாதைக் குறைச்சல்னு, இருபத்தேழு வருஷமா ரெக்கார்டு ரூமுக்குள்ள, பழைய கட்டுகளுக்குப் பின்னாடி தனியா உட்கார்ந்துதான் சாப்பிடறேன். எல்லாரும் நான் விரதக்காரன்னு நினைச்சுட்டு இருக்காங்க. நானும் மறுக்கலை.

ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சேன். மயக்கம் பாதி, முழிப்பு பாதி. எச்சில் முழுங்கினேன். இடது பக்கம் யாரோ மிளகாயை அரைச்சு அப்பின மாதிரி இருந்துச்சு. வலது பக்கம் கம்முனு கிடந்துச்சு, யார் வீட்டுக் கல்யாணமோன்னு. சிஸ்டர் தாளை நீட்டினாங்க. என் சோத்தாங்கைப் பக்கம் ஏழு. மத்த பக்கம் ரெண்டு. அது சத்தியமான கணக்கு. ராத்திரி வரைக்கும் அப்படித்தான். மறுநாள் ரெண்டு பக்கமும் பேசி ஒத்துமையாயிருச்சு. அதுவும் இதுவும் சமமா எரிஞ்சுது.

மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. பத்து நாளைக்கு அதிகமாப் பேசக்கூடாதுன்னாங்க. என் வீட்டுக்காரி இந்திராணி டாக்டர்கிட்ட, "பத்து நாள் போதுங்களா? இன்னொரு பத்து நாள் சேர்த்துப் பேசாம இருந்தா ரொம்ப நல்லதுங்களா?"ன்னு கேட்டா. அவ்வளவு அக்கறை. என்னைக் கட்டி முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்த அக்கறை குறையலை.

நான் பேசாததுல வீடே இருண்டு போச்சு தம்பி. அவளால தாங்க முடியலை. துக்கத்தை மறைக்கிறதுக்காகச் சமையக்கட்டுல பாட்டு முணுமுணுத்துட்டே இருந்தா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ பாடி நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க நாலஞ்சு பேர் தினமும் வந்து மனசைத் தேத்தினாங்க. தேத்தற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. நான் பார்த்தா வருத்தப்படுவேன்னு, என் முன்னாடி எப்பவும் சிரிச்ச முகமாவே இருந்தா.

அந்த வலித்தாளை அவ ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா. அதை வச்சுத்தான் வீட்டு நடப்பு. ஏழுக்கு மேல இருந்தா கப் ஐஸ்கிரீம் உண்டு, யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது. அஞ்சுக்குக் கீழ இருந்தா குழைஞ்ச ரசம் சாதம், அப்புறம் வர்றவங்க போறவங்க சொல்றதை உட்கார்ந்து கேட்கணும்.

வர்றவன்னா யாரு? என் மச்சினன். சுருளிவேல். இந்திராணியோட தம்பி. அடுத்த வீடுதான். அவனுக்கும் எனக்கும் பன்னெண்டு வருஷமா ஒரு வழக்கு. அவன் வீட்டு முருங்கை மரம் எங்க சுவர் மேல சாயுதுங்கிறது என் கட்சி. எங்க சுவர்தான் அவன் மரத்துப் பக்கம் சாயுதுங்கிறது அவன் கட்சி. பன்னெண்டு வருஷமா நான்தான் ஜெயிச்சுட்டு வர்றேன். சட்டத்துல இல்லை, குரல்ல. நான் கூப்பிடுற மாதிரி ஒரு தரம் ஆரம்பிச்சா அவன் வாய் அடைச்சுப்போகும்.

வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சாயங்காலமே வந்துட்டான். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தான். டான்சில் எடுத்தவனுக்கு ஆரஞ்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு, என் மூஞ்சிக்கு நேரா உட்கார்ந்தான்.

"மச்சான், நீங்க பேசாதீங்க. உங்க தொண்டைதான் முக்கியம். நான் பேசறேன், நீங்க கேளுங்க."

ரெண்டு மணி நேரம் தம்பி. மரம் எப்ப நட்டது, சுவர் எப்ப வச்சது, கொத்தனார் யாரு, அவன் அன்னைக்குக் குடிச்சிருந்தானா. நான் சிலேட்டை எடுத்துப் "போகச் சொல்லு"ன்னு எழுதி இந்திராணிகிட்ட நீட்டினேன். நடுவுல அவன் வாங்கி வாசிச்சான். என் கையெழுத்துதான் தெரியுமே. "அக்கா, மச்சான் எனக்குப் போண்டா போடச் சொல்றாரு"ன்னான். போட்டுக் கொடுத்தா. கடைசியில எழுந்திருச்சு, "பாத்தியாக்கா, மச்சான் ஒரு மறுப்பும் சொல்லலை. சுவர்தான் சாயுதுன்னு ஒத்துக்கிட்டாரு"ன்னு சொல்லிட்டுப் போனான். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, எதிராளி வரலைன்னா ஒருதலையாக் கொடுக்கிறது. எதிர்க்கட்சிக்காரன் ஆஜராயும் எக்ஸ்பார்ட்டி.

அன்னைக்குத்தான் தாள்ல ஒன்பது போட்டேன்.

கூட்டிப் போட்டேன்னு நினைக்காதீங்க. நான் கோர்ட்டுல இருக்கிறவன். பொய்ச் சாட்சியை வாசப்படியிலேயே மோப்பம் பிடிச்சிருவேன். தொண்டையில அன்னைக்கு ரெண்டு பக்கமும் அஞ்சுதான். ஆனா மொத்தமா உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்த்தா ஒன்பது இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. வலி எவ்வளவுன்னுதான் தாள்ல கேட்டிருந்தாங்க. எதனாலன்னு கேட்கலையே.

அதுலயும் நான் யோசிச்சுத்தான் எழுதினேன். அனுபவம் இல்லாத பொய்ச் சாட்சி எல்லாத்துக்கும் ஆமாம்பான். ரெண்டு பக்கமும் ஒன்பது போட்டிருப்பான். குறுக்கு விசாரணையில அங்கதான் உடைவான். ஒண்ணை விட்டுக்கொடுத்தாத்தான் இன்னொண்ணை நம்புவாங்க. அதனால முதல் நாள் எப்படி இருந்துச்சோ அதே மாதிரி, சோத்தாங்கைப் பக்கம் ஒன்பது, மத்த பக்கம் ரெண்டு. எவ்வளவு இயற்கையா இருக்கு பாருங்க.

மறுநாள் சுருளிவேல் வந்தான். இந்திராணி ஃபிரிட்ஜைப் பார்த்தா. "டேய், ஒன்பதுடா. போயிட்டு நாளைக்கு வா"ன்னா. போயிட்டான். எனக்கு ஐஸ்கிரீம் வந்துச்சு. அதுக்கடுத்த நாளும் ஒன்பது. ஞாயித்துக்கிழமை அவன் ஒரு கல்யாணத்துக்குக் கம்பம் போயிட்டான். அன்னைக்கு நாலு, ரெண்டு. திங்கக்கிழமை திரும்பி வந்தான், திரும்பவும் ஒன்பது. ஏழாம் நாளோட தாள் முடிஞ்சு போச்சு. மறுநாள் தொண்டையைக் காட்ட வந்தப்ப ஜெபக்கனி சிஸ்டர் அதை வாங்கி வச்சுக்கிட்டாங்க. எனக்கும் மறந்து போச்சு. குரல் வந்துச்சு, வேலைக்குப் போனேன். முதல் நாள் ஒரு தவமணியைக் கூப்பிட்டேன், ரோட்டுல போன ஆட்டோ நின்னுச்சு. தவமணி வந்துச்சா இல்லையாங்கிறது வேற விஷயம்.

போன திங்கக்கிழமை டாக்டர் நிலோஃபர் கிட்ட இருந்து போன். கொஞ்சம் வந்துட்டுப் போங்க ஐயான்னாங்க. வந்தேன். என் தாளை மேஜை மேல விரிச்சு வச்சிருந்தாங்க. கண்ணுக்குக் கீழ கருப்பா இருந்துச்சு, தூங்கின மாதிரி தெரியலை.

"ஐயா, மொத்தம் நாற்பது பேர். உறையெல்லாம் பிரிச்சாச்சு. கொஞ்சம் பேருக்கு மருந்து போட்ட பக்கம் முதல் நாள் ராத்திரி வரைக்கும் வலி குறைஞ்சிருக்கு. கொஞ்சம் பேருக்கு அதுவும் தெரியலை. அது பரவாயில்லை, எப்படி இருந்தாலும் எழுதலாம். ஆனா உங்க ஒருத்தருக்கு மட்டும் தலைகீழா இருக்கு. மருந்து போட்ட பக்கம்தான் ஏழு. உப்புத்தண்ணி போட்ட பக்கம் ரெண்டு. அப்புறம் இந்த ஒன்பது. மருந்து முதல் நாளே இறங்கிப் போயிருக்கும். அஞ்சாம் நாள் ஒரு பக்கம் மட்டும் எப்படி ஒன்பது வரும்? உங்களுக்கு நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா ஐயா? அந்தப் பக்கம் ஊசி எங்கயாவது பட்டிருச்சா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு. பெரிய டாக்டர் தாளைப் பார்த்துட்டு அதைத்தான் கேட்டாராம். உன் கைதான் தப்பான்னு.

எனக்கு ஒண்ணும் புரியலை. யோசிப்போம்மா, முதல்ல ஏதாவது சாப்பிடுங்கன்னு கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு உளுந்த வடை சொன்னேன். பசி. சுத்தி யாரும் கோர்ட்டு ஆள் இல்லை. வடையைப் பிச்சு வாயில போட்டேன். அந்தப் பொண்ணு டீயை வாய்கிட்ட கொண்டு போனவங்க அப்படியே கீழ வச்சுட்டாங்க.

"ஐயா. நீங்க எந்தக் கையில சாப்பிடுறீங்க?"

இருபத்தேழு வருஷம் மறைச்சது. ஒரு வடையில வெளிய வந்துருச்சு.

ஜெபக்கனி சிஸ்டரைக் கூப்பிட்டு விட்டாங்க. அவங்க வந்து என் கையையும் வடையையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

"அண்ணாச்சி, சோத்தாங்கைன்னா ஊர் உலகத்துக்கே வலது கைதானே?"

"நீங்க சாப்பிடற கைன்னுதானேம்மா சொன்னீங்க. எனக்குச் சோத்தாங்கை இதுதான்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"யார் கேட்டா?"

சிஸ்டர் தலையில கை வச்சுக்கிட்டாங்க. எந்தக் கைன்னு நான் கவனிக்கலை.

டாக்டர் பொண்ணு என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "நான் இதை மாத்தி எழுத முடியாது ஐயா. உறையைப் பிரிச்ச பிறகு மாத்தினா, எனக்குச் சாதகமா மாத்தினதாத்தான் ஆகும். வியாழக்கிழமை நீங்களே வந்து பெரிய டாக்டர்கிட்ட நடந்ததைச் சொல்லுங்க. அவர் முடிவு பண்ணட்டும்."

அப்படி மாத்திச் சொன்னா எங்க பாஷையில பிறழ்சாட்சி. பரவாயில்லை, வர்றேன்மான்னேன்.

"கை விஷயத்தைத் தவிர மத்ததெல்லாம் சரிதானே ஐயா? அந்த ஒன்பது?"

நான் என்ன சொல்வேன், முருங்கை மரம்னா? "அதுல சந்தேகமே வேண்டாம்மா"ன்னுட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் குறைஞ்சிருக்கே?"

"ஆண்டவன் செயல்."

அப்ப அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்கணுமே. பேனாவை எடுத்து, கட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாங்க. இப்ப மருந்து போட்ட பக்கம்தான் ரெண்டு. அதுவும் ரெண்டாம் நாளைத் தவிர ஏழாம் நாள் வரைக்கும் ரெண்டு. உப்புத்தண்ணிப் பக்கம் ஒன்பது. "இவ்வளவு நாள் தாங்கும்னு நான் எங்கயும் படிச்சதில்லை ஐயா. ஒருத்தரை வச்சு ஒண்ணும் சொல்லிர முடியாது. ஆனா இதைக் காட்டி அடுத்து நூறு பேருக்குப் பார்க்கலாமான்னு கேட்பேன்"ன்னாங்க. கருவளையமெல்லாம் எங்க போச்சோ. பாருங்க தம்பி, முப்பத்தொன்பது சாட்சி இழுத்துப் பறிச்சுட்டுக் கிடக்கு. நாற்பதாவது சாட்சியில கேஸ் நின்னுபோச்சு. அந்தச் சாட்சி நான்.

அதனால இன்னைக்கு ரொம்ப லேசான வேலைதான். இடது கைக்காரன்னு ஒத்துக்கணும். அது கொஞ்சம் வெட்கம். மத்தது அந்தப் பொண்ணுக்கு நல்லது. படிப்பு நல்லபடியா முடியும், நாலு பேர் பாராட்டுவாங்க. நான் எதையும் புதுசா சொல்லப்போறதில்லை. கேட்டதுக்குப் பதில் சொல்லணும், கேட்காததைச் சொல்லக்கூடாது. அதுதான் கோர்ட்டு.

என்ன தம்பி, போனை நீட்டுறீங்க? எனக்கா? இருங்க, கண்ணாடி போட்டுக்கிறேன்.

"ஐயா, நான் பஸ் கண்டக்டர். வலி மாத்திரை போட்டா எனக்கு வயிறு எரியும். ஊசியே ஏழு நாள் தாங்கும்னா, அதைக் கேட்டுப் போட்டுக்கிட்டு, மாத்திரை வேண்டாம்னு எழுதிக் கொடுத்திரட்டுமா? எட்டாம் நாள் டியூட்டிக்குப் போகணும்."

இல்லை தம்பி.

எழுதிக் கொடுத்துராதீங்க. அந்தப் பேனாவைப் பைக்குள்ள வைங்க முதல்ல. வயிறு எரியுதுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற ஏதாவது தருவாங்க. மாத்திரையே வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.

எப்படிச் சொல்றது. அந்த ஊசி முதல் நாள் எனக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுது. அது பொய் இல்லை. மறுநாள் காலையில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிச்சல்தான். மூணாம் நாள் ரெண்டு பக்கமும் அஞ்சு. நாலாம் நாள்தான் தம்பி உண்மையிலேயே கொடுமை. காதுக்குள்ள கம்பியை விட்டு ஆட்டின மாதிரி. ரெண்டு காதும். அன்னைக்கு இந்திராணி மணியைப் பார்த்து மாத்திரையைப் பொடி பண்ணிக் கரண்டியில குழைச்சுக் கொடுத்தா. அதனாலதான் படுத்தேன், தூங்கினேன். அன்னைக்கு நேர்மையா எழுதியிருந்தா ஏழும் ஏழும். நான் ஒன்பதும் ரெண்டும் போட்டேன். அந்த ரெண்டு, மருந்துப் பக்கத்துல நான் போட்ட பொய் ரெண்டு தம்பி. அதை நம்பித்தான் இப்ப நீங்க பேனாவை எடுத்தீங்க.

இது அந்தப் பொண்ணு விஷயம் மட்டும் இல்லை. அடுத்த நூறு பேர் யாருன்னு நான் இதுவரைக்கும் நினைச்சுப் பார்க்கலை. நூறுங்கிறது ஒரு நம்பர்னு இருந்துட்டேன். கோர்ட்டுல நான் பேரைத்தான் கூப்பிடுவேன், நம்பரைக் கூப்பிட மாட்டேன். உங்க பேர் என்ன தம்பி? போன்ல அடிங்க.

மலைச்சாமி ராஜன். நல்ல பேரு. கூப்பிட நல்லா இருக்கும்.

அங்க பாருங்க, டாக்டர் நிலோஃபர் கதவைத் திறந்துட்டு நிக்கிறாங்க. புதுச் சேலை கட்டியிருக்காங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பு உள்ள போய்த் திரும்பி வரும்போது இருக்குமா தெரியலை. பெரிய டாக்டர் உள்ள இருக்கார்போல. ஜெபக்கனி சிஸ்டரும் பின்னாடி நிக்கிறாங்க. கையில என் தாள்.

வர்றேன்மா, வந்துட்டேன்.

தம்பி, உங்க டோக்கனை விட்டுராதீங்க. நான் உள்ள போறேன். கையையும் சொல்லப்போறேன், ஒன்பதையும் சொல்லப்போறேன்.